இலவமரத்தடியில் நின்ற வண்டி

குந்தோரோ சொன்ன பொய்களிலேயே சோம்பேறித்தனமான பொய் ஒன்று உண்டு. தான் இல்லாத இடத்தில் இருப்பதாகத் தன் கைபேசியைச் சொல்ல வைத்தான். அதற்கு அவன் வாயைக்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

சுரபாயா விமான நிலையத்தில் வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள் படும் பாடு அப்படி. செயலி வழியாக வண்டி கூப்பிடும் பயணிகளுக்காக, முனையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு பொட்டல் மைதானத்தை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே போய் நின்றால்தான் வரிசையில் எண் கிடைக்கும். நூற்றுச் சொச்சத்தில் தொடங்கும் எண் இறங்கி இறங்கி ஒன்றுக்கு வருவதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிடும். வண்டிக்குள் உட்கார்ந்து எல்லோரும் வெந்தார்கள். குந்தோரோவுக்கு மட்டும் வேக மனமில்லை.

கூட்டாளி தோஹிர் ஒருநாள் அவன் கைபேசியில் ஒரு திருட்டு ஆப்பை ஏற்றிக் கொடுத்தான். வரைபடத்தில் விரலால் ஒரு புள்ளி வைத்தால் போதும். ஆள் எங்கே கிடந்தாலும் அந்தப் புள்ளியில் நிற்பதாகவே வாடகைச் செயலி நம்பிவிடும். எண் ஐந்துக்கு இறங்கும்போது வண்டியைக் கிளப்பினால் சரியாக இருக்கும். அதுவரை நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த கஸ்தினாவின் கடையில், மின்விசிறிக்குக் கீழே கால் நீட்டி, தெம்பே என்னும் பொரித்த சோயாத் துண்டும் காப்பியுமாகப் பொழுதைப் போக்கலாம்.

புள்ளியை எங்கே வைப்பது என்று வரைபடத்தில் தேடினான். மைதானத்தின் கிழக்கு மூலையில் ஓர் இடம் எப்போதும் காலியாகத் தெரிந்தது. அங்கேயே வைத்தான். அந்த மூலையில் ஒரு பழைய இலவமரம் இருந்தது. விமான நிலையம் வருவதற்கு முன்னால் அங்கே இருந்த ஊரின் இரண்டு கல்லறைகள் அதனடியில் இருந்தன. ஓட்டுநர்கள் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்ப நேர்ந்தால்கூட மெல்ல இரண்டு தரம் ஹாரன் அடித்து, "மன்னிக்கணும், கொஞ்சம் வழி விடுங்க" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் திருப்புவார்கள். எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்த நிழலில் ஒருவனும் வண்டியை நிறுத்த மாட்டான். இதெல்லாம் குந்தோரோவுக்குத் தெரியாததல்ல. ஆனால் விரலால் வைத்த புள்ளிக்கு எவனாவது ஹாரன் அடிப்பானா? எட்டு மாதம் ஒரு வார்த்தை அனுமதி கேட்காமல் அந்த இடத்தில் இருந்தான், அங்கே ஒருநாளும் போகாமலே.

அந்த எட்டாவது மாதத்தில்தான் அவன் மனைவி வினார்த்தி ஊருக்குத் திரும்புவதாகச் சொன்னாள். ஒன்பது வருஷமாகத் தைவானில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். கிழவர் இறந்துபோய்விட்டார். வேலை முடிந்துவிட்டது. இடையில் இரண்டு முறைதான் விடுப்பில் வந்திருந்தாள், இரண்டு முறையும் குந்தோரோ விமான நிலையத்துக்குத் தாமதமாகத்தான் போனான். இரண்டாவது முறை இரண்டரை மணி நேரம். கேட்டதற்கு அசந்து தூங்கிவிட்டதாகச் சொன்னான். பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளைத் துப்புரவுப் பெண் ஒருத்தி தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியதாயிற்று.

"இந்தத் தடவை நான் வெளிய வரும்போது நீங்க அங்க நிக்கணும் மாஸ்," என்று வினார்த்தி தொலைபேசியில் சொன்னாள். புருஷனை அவள் மாஸ் என்றுதான் கூப்பிடுவாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குப் பயம் குறைந்திருக்கும். "நிக்கலேன்னா நான் ஆப்ல வண்டி புக் பண்ணிக்குவேன். முன்ன பின்ன தெரியாத ஓட்டுநருங்ககூட நேரத்துக்கு வந்துடறாங்க. உங்க வீட்டுக்கு வருவேனா, பொனொரோகோல எங்கம்மா வீட்டுக்குப் போவேனான்னு வண்டியில ஏறினப்புறம் முடிவு பண்ணுவேன்."

"வருவேன்டி. சத்தியமா வருவேன்."

"உங்க சத்தியத்தை ஒன்பது வருஷமா பாத்துட்டுத்தான இருக்கேன்."

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு பத்துக்கு விமானம். அன்றைக்கு அவன் போய் நிற்காவிட்டால் பெண்டாட்டி போனவள் போனவள்தான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும், கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, முதல் சம்பவம் நடந்தது. குந்தோரோ கஸ்தினாவின் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கைபேசியில் எண் பதினான்கு என்று காட்டியது. அவசரமில்லை என்று இன்னொரு தெம்பேயை எடுத்தான். திரும்பிப் பார்க்கிறான், எண் ஒன்று. அவன் தொடவே இல்லை. பயணி ஏறியாகிவிட்டது, பயணம் தொடங்கிவிட்டது என்று வந்தது.

"டேய் தோஹிர், இதப் பாரேன்."

தோஹிர் எட்டிப் பார்த்தான். வரைபடத்தில் குந்தோரோவின் வண்டி மைதானத்திலிருந்து கிளம்பி முனையத்துக்குப் போய், சுங்கச் சாலையில் ஏறி, நகரத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. குந்தோரோவின் வண்டி கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதன் கூரைமேல் கஸ்தினாவின் கோழி படுத்திருந்தது.

"ஆப்பு ஏதோ கிறுக்குத்தனம் பண்ணுது அண்ணே. இப்ப கேன்சல் ஆயிடும் பாருங்க."

கேன்சல் ஆகவில்லை. நாற்பது நிமிஷம் கழித்து அந்த வண்டி ஒரு விடுதி வாசலில் நின்றது. பணம் வந்து சேர்ந்தது. ஐந்து நட்சத்திரம் வந்தது. பயணி ஜப்பானிலிருந்து தனியாக வந்த ஒரு பெண். அவள் எழுதியதைச் செயலி மொழிபெயர்த்துக் காட்டியது. "புதிய ஊரில் பயமாக இருந்தது. வண்டி எண்ணையும் முகத்தையும் சரிபார்த்த பிறகே ஏறினேன். பெட்டியை மூன்றாம் மாடிவரை தூக்கி வந்ததற்கு நன்றி. உங்கள் கை மிகவும் குளிர்ந்திருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

குந்தோரோ தன் கையைப் பார்த்தான். எண்ணெய்ப் பிசுக்கோடு சூடாகத்தான் இருந்தது.

"அட அதிர்ஷ்டக்காரா!" தோஹிர் விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்க இங்க தின்னுக்கிட்டு இருக்கீங்க, உங்களை மாதிரி ஒண்ணு அங்க மாடிப்படி ஏறிப் பெட்டி தூக்குது. எனக்கும் அதுமாதிரி ஒண்ணு பாத்துக் குடுங்க அண்ணே. என் பொண்டாட்டிக்கு முதல்ல."

கஸ்தினா சிரிக்கவில்லை. எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து, புள்ளி எங்கே வைத்திருக்கிறான் என்று கேட்டாள். இடத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"இலவமரத்தடியிலயா? ஏன்டா, அறிவிருக்கா உனக்கு? ஆள் இல்லாத இடத்துல ஆள் இருக்கு, ஆள் இருக்குன்னு எட்டு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தா, எவனாவது வந்து உக்காரத்தானே செய்வான்?"

"என்ன இபு, நீங்களும் இப்படி..." கடைக்கார அம்மாவை எல்லோரும் இபு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நாளைக்கே பூ வாங்கிட்டுப் போ. அந்த மரத்தடியில உன் சொந்தக் கால்ல போய் நில்லு. கேக்காம இருந்துட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு வா. உயிரா போயிடும்?"

"நாளைக்குப் போறேன் இபு."

நாளைக்கு என்றால் குந்தோரோவின் அகராதியில் என்ன அர்த்தம் என்று கஸ்தினாவுக்குத் தெரியும். அவள் அடுப்புக்குத் திரும்பினாள்.

அவன் போகவில்லை. செவ்வாய்க்கிழமை அது இரண்டு பயணிகளை ஏற்றிச் சென்றது. புதன்கிழமை நான்கு பேர். முதல் இரண்டு நாள் குந்தோரோவுக்கு உடம்பு நடுங்கியது. மூன்றாம் நாள் அவ்வளவு நடுங்கவில்லை. நான்காம் நாள் சாய்வு நாற்காலியைக் கடையின் பின்பக்கம் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். மனுஷன் எதற்கும் பழகிவிடுவான், அதிலும் உழைக்காமல் வருவதற்குச் சீக்கிரமே பழகிவிடுவான். வெளிநாட்டுப் பயணிகள் ஒருவர் விடாமல் புகழ்ந்து எழுதினார்கள். வழி தெரியாமல் நின்றவரைத் தேடி முனையத்துக்கு உள்ளேயே வந்தாராம். பிள்ளை வாந்தி எடுத்தபோது முகம் சுளிக்காமல் துடைத்தாராம். வழி முழுக்க என் கதையைக் கேட்டுக்கொண்டே வந்தார், இவ்வளவு பொறுமையாக யாரும் என்னிடம் கேட்டதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். குந்தோரோ பல வருஷம் ஓட்டியும் அவனைப் பற்றி ஒருவரும் ஒரு வரி நல்லதாக எழுதியதில்லை. அதைப் படிக்கும்போது அவனுக்குப் பெருமையாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

அடுத்த வாரம் புதன்கிழமை, வினார்த்தி வருவதற்கு முதல்நாள், நகரத்திலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு சவாரி அவனுக்கே வந்தது. உண்மையான சவாரி, உண்மையான வண்டி. பயணி ஒரு நடுவயதுக் கொரியர். ஏறியதும் கண்ணாடி வழியாக இவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொம்ப நாள் பழகியவர்போலத் தோளைத் தட்டினார். அவர் தன் கைபேசியில் ஏதோ பேச, அது உள்ளூர் மொழியில் திருப்பிச் சொன்னது.

"சனிக்கிழமை என்னைக் கூட்டிட்டு வந்தது நீங்கதானே? மறுபடியும் உங்க வண்டியே கிடைச்சதுல சந்தோஷம்."

குந்தோரோ தலையை மட்டும் ஆட்டினான்.

"அன்னைக்கு நிறையப் பேசினீங்க. இன்னைக்குக் களைப்பா இருக்கீங்க போல."

"ஆமா சார். வெயில்."

"நாளைக்குத்தானே உங்க மனைவி வர்றாங்க? எவ்வளவு ஆவலா சொன்னீங்க. அவங்க பேரைச் சொல்லும்போது உங்க குரல் கம்மிப் போச்சு. நானும் வீட்டுக்குப் போன் பண்ணி என் மனைவிகிட்ட பேசினேன், உங்களாலதான்."

பாலம் வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் அங்கே இருப்பவர்களிடம் வழி கேட்டுக் குந்தோரோவின் விரல் வழக்கமாக இரண்டு தரம் ஹாரனைத் தட்டும். அன்றைக்குக் கை ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவரை இறக்கிவிட்டு ஓரமாக நிறுத்தி, அந்தத் திருட்டு ஆப்பை அழித்தான். வாடகைச் செயலியையும் அழித்தான். கைபேசியையே அணைத்துவிட்டு, மூச்சு நிதானத்துக்கு வரும்வரை வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். அது தன் இடத்தில் உட்கார்ந்ததில் அவனுக்குப் புகார் இல்லை. வினார்த்தியின் பெயரை அது சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே விமான நிலையத்துக்கு வந்துவிட்டான். அவன் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. சவரம் செய்து, வினார்த்தி போன முறை அனுப்பியிருந்த நீலச் சட்டையைப் போட்டிருந்தான். வெளியேறும் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றான். பத்தரை மணிக்கு மனம் அரிக்கத் தொடங்கியது. இன்னும் நேரம் இருக்கிறது. கஸ்தினா சொன்னபடி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தால் மனம் லேசாகும், சுத்தமான ஆளாக அவள் முன்னால் நிற்கலாம். வாசலிலேயே பூ விற்றார்கள். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓட்டினான்.

நேரத்துக்கு முன்னால் வந்தவன் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கத் தெரியாதவனிடம் அதைச் சொல்லி என்ன பயன்.

இலவமரத்தடியில் வெயில் ஏறவில்லை. சுற்றிலும் நூறு வண்டிகள் நின்றும் அங்கே ஒரு சத்தமும் கேட்கவில்லை. இரண்டு கல்லறைகளையும் சுற்றி மண் நன்றாக அழுந்தியிருந்தது. அதில் டயர்த் தடம், புதுசு. ஒரு வண்டி பல மாதம் ஒரே இடத்தில் நின்று கிளம்பியதுபோல நாலு சக்கரத்துக்கும் நாலு குழி. அவன் புகைக்கும் அதே கிராம்பு சிகரெட் துண்டுகள் ஓட்டுநர் பக்கத்தில் வரிசையாகக் கிடந்தன. ஒன்று இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

குந்தோரோ பூவைத் தூவிவிட்டு மண்டியிட்டான். "கேக்காம இருந்துட்டேன். தப்புத்தான். இடத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன். எங்களை விட்டுடுங்க," என்றான். தனக்குத் தெரிந்த பிரார்த்தனையை முழுவதும் சொன்னான். பதில் ஒன்றும் இல்லை. இடம் வெறுமையாகத்தான் இருந்தது. மன்னித்துவிட்டார்கள் என்று அவன் எடுத்துக்கொண்டான். இங்கே இருந்தது கிளம்பிப் போய்விட்டது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. பலகையைப் பார்த்தான். காற்று சாதகமாக இருந்ததாம், விமானம் பதினொன்றே காலுக்கே இறங்கிவிட்டது. கடைசிப் பயணிகள் தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் வினார்த்தி இல்லை. அவளுக்குப் போன் அடித்தான்.

"யாரு?" அவள் குரலில் சிரிப்பு இருந்தது. இந்தச் சிரிப்பை அவன் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

"நான்தான்டி! எங்க இருக்க?"

"என்ன மாஸ் விளையாட்டு இது? முன்னால உக்காந்து வண்டி ஓட்டிக்கிட்டு பின்னால இருக்கறவளுக்கு எப்படிப் போன் அடிக்கிறீங்க?"

குந்தோரோ வாசலில் நின்ற வண்டிகளையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தான்.

"நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சு வெளிய வந்ததும் வண்டி புக் பண்ணேன். பாத்தா உங்க பேரு, உங்க போட்டோ, உங்க நம்பர்! தலை தூக்கறேன், முன்னால நிக்கிறீங்க. போங்க மாஸ், அழவே வெச்சுட்டீங்க."

"வினா, நல்லாக் கேளு. வண்டியை நிறுத்தச் சொல்லு. எறங்கிடு. அது நான் இல்ல. நான் இங்க வாசல்ல நிக்கிறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து இண்டிகேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் கைபேசியைக் கொஞ்சம் விலக்கி யாரிடமோ சொல்வது கேட்டது. "மாஸ், யாரோ உங்க குரல்லயே பேசறாங்க."

அதற்குப் பதில் சொன்ன குரலையும் குந்தோரோ கேட்டான். அவனுடைய குரல்தான். ஆனால் அவன் ஒருநாளும் பேசியிராத அளவுக்கு மெதுவாக, இதமாக இருந்தது.

"ஒன்பது வருஷமா உன்னை நிக்க வெச்ச ஆளும்மா அது. பேசி என்ன ஆகப்போகுது? வெச்சுடு."

அவள் வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு அரை மணி நேர வழி. அதை எப்படி ஓட்டி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. பொனொரோகோவுக்குப் போயிருக்க வேண்டுமே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டான். தன் வீட்டுக்கு வராமல் அம்மா வீட்டுக்குப் போகட்டும் என்று ஒரு புருஷன் வேண்டிக்கொண்டது அந்தச் சாலையில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

சந்து முனையில் அவன் வண்டி நின்றது. அதாவது, அவன் ஓட்டி வந்த வண்டிக்கு முன்னால், அதே வெள்ளி நிறத்தில், அதே எண்ணோடு, இடது கதவில் அதே கீறலோடு இன்னொன்று நின்றது. அதன் முன்மூடியில் கை வைத்துப் பார்த்தான். கொளுத்தும் வெயிலில் அது கிணற்றுக்கல்போலச் சில்லிட்டிருந்தது. பக்கத்து வீட்டு ஜுமாரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் இவனைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இப்பத்தானே பொண்டாட்டியோட உள்ள போன? எப்ப வெளிய வந்த?" என்றார். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

குந்தோரோ கதவைத் தட்டினான். வினார்த்திதான் திறந்தாள். இளைத்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவள் முகத்தில் அழுத அடையாளமும் இருந்தது, சிரித்த அடையாளமும் இருந்தது. அவளுக்குப் பின்னால் அடுக்களையில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த முதுகில் அதே நீலச் சட்டை.

வினார்த்தி இவனைப் பார்த்தாள். திரும்பி அடுக்களையைப் பார்த்தாள். மறுபடியும் இவனைப் பார்த்தாள், இந்த முறை நிதானமாக, தலையிலிருந்து கால்வரை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. எது புருஷன், எது இல்லை என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. அதைப் பார்த்ததும் குந்தோரோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வினா, வெளிய வா. மெதுவா வா. நான் இருக்கேன்."

அவள் வெளியே வந்து கதவைப் பின்னால் சாத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஒன்பது மணிக்கே வந்துட்டேன்டி, சத்தியமா..."

"நான் வெளிய வரும்போது எங்க இருந்தீங்க?"

அவன் வாய் திறந்தது. மரம், பூ, மன்னிப்பு எல்லாம் வரிசையாக வந்து நாக்கில் நின்றன. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"அவரு கதவுக்கு நேரா நின்னாரு," என்றாள் அவள். "வண்டியில ஏறினதும் முதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? அந்தக் கிழவர் செத்தன்னைக்கு அழுதியான்னு கேட்டாரு. ஒன்பது வருஷம் கழுவிவிட்டு, சோறூட்டி, கூட இருந்தவ நான். என் சொந்த அப்பா மாதிரி. போன்ல சொன்னப்போ நீங்க என்ன கேட்டீங்க?"

அவர் குடும்பம் ஏதாவது கொடுத்ததா என்று கேட்டிருந்தான். அது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

"வினா, உள்ள இருக்கறது மனுஷன் இல்லடி!"

"தெரியும்," என்றாள். "பாதி வழியிலேயே தெரிஞ்சுடுச்சு. எறங்கலாம்னுகூட நெனச்சேன். அப்புறம் எங்க போறதுன்னு நெனச்சேன். வந்து நின்னுது இல்ல மாஸ்? அது போதும் எனக்கு."

ஜுமாரி துணிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். வினார்த்தி அவருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். அந்நியரிடம் பேசும் மரியாதையோடு பேசினாள்.

"இது இல்லீங்க நீங்க தேடற வீடு. அடுத்த சந்துல கேட்டுப் பாருங்க."

கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. குந்தோரோ தட்டக் கையை ஓங்கினான், தட்டவில்லை. உள்ளே அவள் ஏதோ கேட்க, அவனுடைய குரல் பதில் சொன்னது. பிறகு பாயை உதறி விரித்து, இரண்டு தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.